இடுப்பு 99 சென்ரிமீற்றர்: வெள்ளவத்தையிலிருந்து ஒரு வயிற்றுக் கொழுப்பு நிகழ்வு ஆய்வு

கொழும்பில் எடை குறைப்பு ஆலோசனைக்கு வரும் நடுவயது ஆண்களிடம் திரும்பத் திரும்பக் காணப்படும் அம்சங்களைச் சேர்த்து இந்த நிகழ்வு அமைக்கப்பட்டுள்ளது. இதில் வருபவர் தனியொரு மனிதர் அல்லர். அளவுகளும் பரிசோதனை முடிவுகளும் அத்தகைய ஒருவரிடம் நடைமுறையில் எதிர்பார்க்கக்கூடியவை.

வந்தபோது இருந்த நிலை

வயது 44. வசிப்பது வெள்ளவத்தை, வேலை கோட்டையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில். நாளில் ஒன்பது மணித்தியாலம் கதிரை, அதற்கு மேல் காலி வீதி நெரிசலில் பஸ் பயணம். உயரம் 168 சென்ரிமீற்றர், எடை 76 கிலோ, உடற்திணிவுச் சுட்டி (எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் BMI அளவு) 26.9. பார்ப்பவர் யாரும் இவரைக் குண்டு என்று சொல்லமாட்டார்கள். கை, கால் மெலிவு, முகத்திலும் சதை இல்லை. ஆனால் இடுப்புச் சுற்றளவு 99 சென்ரிமீற்றர்.

அவர் சொன்னது இது: "டொக்டர், நான் காலைமை ஒண்டும் சாப்பிடுறேல்லை. இரவிலை சோறும் விட்டிட்டன். மூண்டு மாசமா சிற்-அப் அடிக்கிறன். வண்டி மட்டும் இறங்குதில்லை."

வெறும் வயிற்றில் தேனும் தேசிக்காய்ச் சாறும் கலந்த சுடுநீர், வயிற்றைச் சுற்றிக் கட்டும் வியர்வைப் பட்டி, இணையத்தில் வாங்கிய கொறுக்காய் மாத்திரை ஆகியவையும் பயன்பாட்டில் இருந்தன. இந்த மூன்று மாதத்துக்குள் எடை 2 கிலோ குறைந்து, திரும்பியும் வந்துவிட்டது. இடுப்பு அசையவில்லை.

இரத்தப் பரிசோதனை முடிவுகள்: வெறும் வயிற்றுச் சீனி ஒரு டெசிலீற்றருக்கு 112 மில்லிகிராம், எச்பிஏ1சி (ஏறத்தாழ மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் அளவு) 6.1 சதவீதம், ட்ரைகிளிசரைட் (இரத்தத்தில் ஓடும் கொழுப்பு) 228, எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரோல்) 36, எஸ்ஜிபிரி (ஈரல் நொதியம்) 58. தைரொயிட் சரி. குருதியமுக்கம் 136/88. ஸ்கானில் ஈரலில் முதலாம் நிலைக் கொழுப்பு, அதாவது இலேசானது. எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அது நீரிழிவுக்கு முந்திய நிலை. இவர் அந்த எல்லைக்குள் நன்றாகவே நுழைந்துவிட்டார். சட்டைப் பொத்தானுக்காக வந்தவருக்குப் பேச வேண்டியிருந்தது ஈரலைப் பற்றி.

அளவை முதலில் சரியாக எடுக்க வேண்டும்

காற்சட்டை அளவு இடுப்பளவு ஆகாது. இவர் 34 அங்குலக் காற்சட்டை போடுகிறார், அதாவது சுமார் 86 சென்ரிமீற்றர். ஆனால் அதைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுகிறார். அதனால் பத்து வருடமாக "அளவு மாறவில்லை" என்று நம்பியிருந்தார்.

சரியான முறை இது. வெறும் தோலில், நிமிர்ந்து நின்று, பக்கவாட்டில் கடைசி விலா எலும்பின் அடிவிளிம்பை விரலால் தொட்டுக் கண்டுபிடிக்கவும். இடுப்பெலும்பின் மேல்விளிம்பையும் கண்டுபிடிக்கவும். இரண்டுக்கும் நடுவில் நாடாவைத் தரைக்குச் சமாந்தரமாகச் சுற்றவும். தோல் அமுங்கக்கூடாது, நாடா தொங்கவும் கூடாது. மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்ட முடிவில் வாசிக்கவும். வயிற்றை எக்கினால் 3, 4 சென்ரிமீற்றர் பொய்யாகக் குறையும். இரண்டு தடவை எடுத்து, வித்தியாசம் 1 சென்ரிமீற்றருக்கு மேல் வந்தால் மூன்றாம் முறையும் எடுக்க வேண்டும். காலையில், மலம் கழித்த பின், உணவுக்கு முன் எடுப்பதே நல்லது.

தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எச்சரிக்கை எல்லை. இன்னும் எளிய கணக்கு, இடுப்பு உயரத்தின் பாதிக்குள் இருக்க வேண்டும் என்பது. இவருக்கு அது 84. இருப்பது 99, உயரத்தின் 0.59 பங்கு.

எடையையும் உயரத்தையும் மட்டும் வைத்து நம்மவர்களை எடைபோட முடியாது என்பதற்கு, 2004 இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த ஒரு படம் போதும். புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், இங்கிலாந்தைச் சேர்ந்த யட்கின் என்ற இரண்டு மருத்துவ ஆய்வாளர்கள் அதில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் உடற்திணிவுச் சுட்டி 22.3. உடற்கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். இதே காரணத்தால்தான் ஆசியர்களுக்கு 25 வரை காத்திராமல் 23 இலேயே கவனம் தொடங்க வேண்டும் என்று சொல்லப்படுகிறது.

ஏன் வயிறு மட்டும் விடாப்பிடியாக நிற்கிறது

இங்கே இரண்டு வெவ்வேறு கொழுப்புகள் உள்ளன. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பலர் நல்லாகப் போய்க்கொண்டிருக்கும் முயற்சியைப் பாதியில் கைவிடுகிறார்கள்.

முதலாவது தோலடிக் கொழுப்பு. இரண்டு விரலால் கிள்ளிப் பிடிக்க முடிவது இது. இரண்டாவது உள்ளுறுப்புக் கொழுப்பு. வயிற்றுத் தசைக்குப் பின்னால், குடலைச் சுற்றியும் அதை மூடிய திரையிலும் படிவது. இதைக் கிள்ள முடியாது. இது தசையை உள்ளிருந்து தள்ளுவதால் தொப்பை கல்லுப்போல் இறுகி முன்னுக்கு நிற்கும். இந்த நிகழ்வில் தொப்புளுக்குப் பக்கத்தில் பிடிபட்ட மடிப்பு மெல்லியது, வயிறு இறுக்கம். வண்டியின் பெரும்பகுதி உள்ளேதான் என்பதற்கு அதுவே முதல் அடையாளம். ஈரல் ஸ்கானும் ட்ரைகிளிசரைட்டும் அதை உறுதிப்படுத்தின.

உள்ளுறுப்புக் கொழுப்பிலிருந்து கரையும் கொழுப்பமிலங்கள் குடலிலிருந்து ஈரலுக்குப் போகும் நாளத்திலேயே நேராக இறங்குகின்றன. ஈரல் அதைப் பெற்றுக்கொண்டு ட்ரைகிளிசரைட்டாக வெளியே அனுப்புகிறது, மிச்சத்தைத் தன்னுள்ளேயே சேர்க்கிறது. இன்சுலின் சொல் ஈரலில் எடுபடாமல் போகிறது, சீனி ஏறுகிறது. தெற்காசியர்களுக்குத் தோலடியில் சேமிக்கும் இடம் ஒப்பீட்டளவில் குறைவு என்றும், அது நிரம்பிய பின் மிகுதி வயிற்றினுள்ளும் ஈரலிலும் வழிகிறது என்றும் ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். மெலிந்த கையும் பெரிய வண்டியும் ஒரே உடலில் இருப்பதற்கு நம்பத்தக்க விளக்கம் இது.

ஆபத்தான இந்த உட்கொழுப்புத்தான் சீக்கிரம் கரைவதும். அட்ரினலின் வந்து "கொழுப்பை விடு" என்று தட்டும்போது அதன் கலங்களில் உள்ள, அந்தச் செய்தியைப் பெறும் பீற்றா வாங்கிகள் உடனே கதவைத் திறக்கின்றன. கீழ்வயிற்றுத் தோலடிக் கொழுப்பில் அதற்கு எதிராக வேலை செய்யும் அல்பா-2 வாங்கிகளின் பங்கு அதிகம், இரத்த ஓட்டமும் மந்தம். எனவே உட்கொழுப்பு முதலில் போகிறது, தொப்புளுக்குக் கீழுள்ள மடிப்பு கடைசியாகப் போகிறது. கண்ணாடியில் தெரிவது அந்தக் கடைசியாகப் போவதுதான். உள்ளே ஈரலில் கொழுப்பு குறைந்துகொண்டிருக்கும் வாரங்களிலும் கண்ணாடி "ஒன்றும் நடக்கவில்லை" என்று சொல்லும். ஆகவே கண்ணாடியை அளவுகோலாக எடுக்கவேண்டாம் என்பதை முதல் நாளிலேயே அழுத்திச் சொல்ல வேண்டும்.

தோலடிக் கொழுப்பை மட்டும் அகற்றினால் என்ன நடக்கும் என்பதும் சோதிக்கப்பட்டிருக்கிறது. 2004 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பருமனான 15 பெண்களின் வயிற்றிலிருந்து உறிஞ்சு சிகிச்சை மூலம் பெருமளவு கொழுப்பு எடுக்கப்பட்டது. இன்சுலின் செயற்பாடும் இரத்தக் கொழுப்பும் குருதியமுக்கமும் அதனால் முன்னேறவில்லை. தோற்றம் மாறியது, நோய்க்கூறு மாறவில்லை.

மூன்று மாத முயற்சி ஏன் பலிக்கவில்லை

சிற்-அப்: தசை வேலை செய்யும்போது அதற்கு வேண்டிய கொழுப்பு உடல் முழுவதிலிருந்தும் இரத்தம் வழியாக வருகிறது. மேலே உள்ள தோலடியிலிருந்து மட்டும் எடுக்கப்படுவதில்லை. ஆறு வாரம் வயிற்றுப் பயிற்சி மட்டும் செய்தவர்களை அளந்த 2011 ஆம் ஆண்டு ஆய்வொன்றில் வயிற்றுத் தசையின் தாங்குதிறன் கூடியது, வயிற்றுக் கொழுப்பு குறையவில்லை.

வியர்வைப் பட்டி: போவது தண்ணீர். இரண்டு தம்ளர் குடித்ததும் திரும்பும்.

தேன் தண்ணீர்: ஒரு மேசைக்கரண்டி தேன் ஏறக்குறைய 60 கலோரி. எடை குறைக்கவென்று ஒவ்வொரு காலையும் அதைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

கொறுக்காய் மாத்திரை: மீன்குழம்பில் போடும் கொறுக்காயால் பிரச்சினை இல்லை. செறிவாக்கிய மாத்திரை வேறு. எடையில் அதன் பலன் மிக அற்பம், ஈரல் பாதிப்பு நேர்ந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. எஸ்ஜிபிரி 58 உள்ளவர் இதைத் தொடவே கூடாது. அன்றே நிறுத்தப்பட்டது.

மிகப் பெரிய ஓட்டை சாப்பாட்டுக் கணக்கில்தான். "நாளுக்கு 1500 கலோரிக்கு மேல் போகாது" என்றார். ஏழு நாள் சாப்பிட்டதை எல்லாம் கைத்தொலைபேசியில் படம் எடுக்கச் சொல்லி, வீட்டில் சமையல் தராசில் நிறுத்தும் பார்த்தபோது சராசரி 2200 வந்தது. அவரைப் பொய் சொன்னவராக நினைக்கக் கூடாது. கணக்கில் சேராதவற்றை அவர் சேர்க்கவில்லை, பெரும்பாலானோரும் அப்படித்தான்.

நாளுக்கு மூன்று பால்தேநீர். ஒவ்வொன்றிலும் முழு ஆடைப் பால்மா இரண்டு குவித்த மேசைக்கரண்டி, சீனி இரண்டு தேக்கரண்டி. ஒரு கோப்பை 140, மூன்றும் 420. பத்து மணிக்கு ஒரு பற்றீஸ் அல்லது றோல், 250. மத்தியானம் கடைச் சோற்றுப்பொதி. அதில் சோறு மட்டும் 450 கிராம், ஏறத்தாழ 585 கலோரி. பருப்பு, உருளைக்கிழங்கு, பொரித்த மீன் துண்டு சேர 850. இரவு ஒன்பதரைக்கு, "சோறு விட்டாயிற்று" என்ற பெயரில், இரண்டு பராட்டாவும் குழம்பும், 700. பராட்டா என்பது கோதுமை மாவும் எண்ணெயும். ஒரு கோப்பைச் சோற்றை விட்டுவிட்டு இரண்டு பராட்டா எடுப்பவர் நட்டத்தில்தான் நிற்கிறார்.

புரதமோ முழு நாளிலும் 60 கிராமைத் தாண்டவில்லை. காலையைப் பட்டினி போட்டதால் பத்து மணி றோலும் இரவுப் பெரும்பசியும் வந்தன. இதற்கு மேல் சனி இரவில் மூன்று பெக் சாராயம், சுமார் 300 கலோரி, கூடவே டெவில் பண்ணிய கோழி. மது உள்ளே இருக்கும்வரை உடல் அதைத்தான் முதலில் எரிக்கும், கொழுப்பு எரிப்பு தள்ளிப்போடப்படும். நித்திரை ஐந்தரை மணித்தியாலம்.

முதலில் விலக்கிப் பார்த்தவை

வயிறு பெருத்தால் எல்லாம் கொழுப்பு அல்ல. சில வாரங்களில் திடீரென வீங்கிய வயிறு, கால் வீக்கம், கண் மஞ்சள், காரணமில்லாமல் எடை குறைதல், மலத்தில் இரத்தம் இருந்தால் உணவுத் திட்டம் பேசுவதற்கு முன் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பெண்களில், புதிதாக வந்து விடாமல் நிற்கும் வயிற்று ஊதலைச் சூலக ஸ்கான் செய்யாமல் கொழுப்பென்று விடக் கூடாது. வயிற்றில் விரலகல ஊதா நிறக் கோடுகள், தோல் மெலிந்து இலகுவில் கண்டிப்போதல், கதிரையிலிருந்து எழும்பக் கால் தசையில் பலமின்மை இருந்தால் கோட்டிசோல் என்ற ஓமோன் மிகையாகச் சுரப்பதைச் சந்தேகிக்க வேண்டும். பெயர் ஒட்டாத பொட்டலச் சூரணங்களை நீண்டகாலம் எடுப்பவர்களிடம் அவற்றில் ஸ்ரீரொயிட் கலந்திருக்கலாம் என்பதையும் கேட்டுப் பார்க்க வேண்டும். இவரிடம் இவை எதுவும் இல்லை. கழுத்துச் சுற்றளவு 41 சென்ரிமீற்றர், குறட்டை உண்டு, அதனால் நித்திரையில் மூச்சுத் தடைப்படுகிறதா என்று மனைவியிடம் விசாரிக்கப்பட்டது. இல்லை என்றார்.

இலக்கு

அமெரிக்காவில் நடந்து 2002 இல் முடிவு வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், எடையில் 7 சதவீதக் குறைப்பும் வாரம் 150 நிமிட உடற்செயற்பாடும் இலக்காகக் கொண்ட குழுவில் நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. 76 கிலோவின் 7 சதவீதம் 5.3 கிலோ. அதுவே முதல் இலக்காக வைக்கப்பட்டது. தைப்பொங்கல் முடிந்த வாரத்தில் தொடங்கி 24 வாரம். நாளுக்கு 1700 கலோரி, புரதம் 90 முதல் 100 கிராம்.

இதைவிட வேகமாக, 1000 கலோரிக்குப் போனால் என்ன என்று அவர் கேட்டார். புரதமும் பாரப் பயிற்சியும் இல்லாமல் குறையும் எடையில் ஏறத்தாழக் கால்பங்கு தசை முதலான கொழுப்பற்ற பகுதியாக இருக்கலாம். திரும்ப ஏறும்போது வருவது பெரும்பாலும் கொழுப்பு. இரண்டு சுற்று இப்படிப் போனால் எடை அதே 76, வண்டி இன்னும் பெரிது.

சாப்பாடு: செய்த மாற்றங்கள்

காலை உணவு திரும்ப வந்தது. அவித்த கொண்டைக்கடலை 150 கிராம், ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்தது, அவித்த முட்டை இரண்டு. இதில் மட்டும் 25 கிராம் புரதம். கடலையை இரவே ஊறப்போட மறந்தால் காலையில் பாண்தான் வரும். ஆகவே ஞாயிறன்று ஒரு கிலோவை அவித்து, பகிர்ந்து, உறைபெட்டியில் வைத்தார்கள். பாசிப்பயறும் கௌபியும் மாறிமாறி வந்தன.

தேநீரில் ஒன்று மட்டும் பால். அதுவும் ஆடை நீக்கிய பால்மா 15 கிராம், சீனி இல்லாமல். மற்றவை வெறும் தேநீர், இஞ்சி தட்டிப் போட்டது. சீனியை ஒரேயடியாக நிறுத்தினால் மூன்றாம் நாள் திரும்ப வரும் என்பதால் வாரத்துக்கு அரைத் தேக்கரண்டியாகக் குறைத்தார். கடையில் வாங்கும் பானங்களுக்கு 2016 முதல் இலங்கையில் நிற அடையாளம் உண்டு. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைவென்றால் பச்சை. செம்மஞ்சளும் நல்லதென்று நினைத்து தினம் ஒரு போத்தல் குடிப்பவர்கள் உண்டு. 400 மில்லிலீற்றரில் 100க்கு 8 கிராம் என்றால் 32 கிராம் சீனி, ஏழு தேக்கரண்டிக்குக் கிட்ட.

மத்தியானச் சோறு 200 கிராம், அதாவது அமுக்காமல் அளந்த ஒரு தேநீர்க் கோப்பைக்குச் சற்றுக் கூட. சிவப்புப் பச்சையரிசி, தவிடு அதிகம் தீட்டாதது. அதனுடன் மீன் 120 கிராம், கெட்டிப் பருப்பு அரைக் கோப்பை, இரண்டு மரக்கறி. அதில் ஒன்று இலைக்கறி: வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணி, முருங்கையிலை, கங்குன். சூரை, பாரை, சாளை எதுவும் சரி, பொரிக்காமல் குழம்பாகவோ அவியலாகவோ. சிவப்பரிசி என்பதால் அளவின்றிச் சாப்பிடலாம் என்பது பெரிய தவறு. நார்ச்சத்து கூட, கலோரி கிட்டத்தட்ட அதேதான்.

கடைப்பொதி எடுக்கும் நாளில் ஒரு வழி: பொதியைத் திறந்ததும், கறியைத் தொடும் முன், சோற்றில் சரிபாதிக்கு மேல் தாளின் ஒரு ஓரத்துக்கு ஒதுக்கி அந்தப் பகுதியை மடித்து மூடிவிட வேண்டும். குழைத்த பிறகு ஒதுக்கலாம் என்றால் ஒருவராலும் முடியாது. மேலதிகமாக ஒரு அவித்த முட்டை வீட்டிலிருந்து.

இரவு எட்டுக்குள் சோறு 150 கிராம், அல்லது நிறுத்து எடுத்த இடியப்பம், கோழி அல்லது மீன் 100 கிராம், மரக்கறி. பிட்டு வாரம் ஒரு நாள். குரக்கன் பிட்டு எடை குறைக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. குரக்கன் மாவும் மாவுதான், அதனுடன் சேரும் தேங்காய்ப்பூ 100 கிராமில் 350 கலோரி.

வெள்ளிக்கிழமை இந்த வீட்டில் சைவம். அன்றைக்குப் புரதம் 50 கிராமுக்கு இறங்கியது, சனிக்கிழமை பசி இரட்டிப்பானது. உலர்ந்த சோயாமீற் 40 கிராம் 20 கிராம் புரதம் தரும். அதுவும் சீனியில்லாத் தயிரும் பயறும் சேர்த்து வெள்ளி சரிசெய்யப்பட்டது.

எண்ணெயை ஒவ்வொரு கறியிலும் அளப்பது நடவாத காரியம். மாதக் கணக்கைப் பார்ப்பதே நடைமுறை. நான்கு பேர் உள்ள அந்த வீட்டில் மாதம் நான்கு போத்தல் தேங்காயெண்ணெய், அதாவது 3 லீற்றர். ஒருவருக்கு நாளொன்றுக்கு 25 மில்லிலீற்றர், 200 கலோரிக்குச் சற்றுக் கூட. மாதம் இரண்டு போத்தல் என்று வாங்குவதையே கட்டுப்படுத்தியதும் எவரும் ருசியைக் குறை சொல்லாமல் ஆளுக்கு 100 கலோரி குறைந்தது. கெட்டியான தேங்காய் முதற்பாலில் 100 மில்லிலீற்றருக்கு 200 கலோரி. இரண்டாம் பாலில் சமைத்து, இறக்கும்போது மட்டும் இரண்டு கரண்டி முதற்பால் விட்டால் மணம் நிற்கும்.

அம்மா பரிமாறும் வீடு அது. "மோனை, இன்னும் கொஞ்சம் போடட்டே, முகம் வாடிப்போச்சு" என்பதை வெறும் மனவுறுதியால் எதிர்கொள்ளச் சொல்வது நியாயம் இல்லை. அவரையும் ஆலோசனைக்கு அழைத்து, ஈரல் ஸ்கானைக் காட்டி, மகனுக்குக் கூடுதலாகப் போட விரும்பினால் மீனும் கீரையும் போடும்படி கேட்கப்பட்டது. அன்றிலிருந்து அவரே பாதுகாவலர். எங்கள் அனுபவத்தில் சமைப்பவரோடு பேசாத திட்டம் ஆறாம் வாரத்தைத் தாண்டுவது அரிது.

உடற்செயற்பாடு

நடை: தொடக்கத்தில் நாளுக்கு 3500 அடி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 1000 அடியாகக் கூட்டி 8000 வரை. காலை ஆறு மணிக்கு மரைன் டிரைவ் கடற்கரை ஓரம் 35 நிமிடம், வாரம் ஐந்து நாள். பேச முடிய வேண்டும், பாட முடியாமல் இருக்க வேண்டும், அதுதான் வேகம். கொழும்பின் ஈரக்காற்றில் வியர்வை உலராது, உடல் குளிராது. காலை எட்டுக்குப் பின் இதே நடை இரட்டிப்புக் களைப்பைத் தரும். மாலையில் பஸ்ஸைக் காலிமுகத்திடலில் பிடிக்கும்படி, கோட்டையிலிருந்து அதுவரை நடை. மத்தியானமும் இரவும் சாப்பிட்ட கையோடு பத்து நிமிடம் மெதுவாக நடப்பது சீனி ஏற்றத்தைத் தணிக்கும். மழை நாளுக்கு மாடிப்படி.

பாரப் பயிற்சி வாரம் இரண்டு நாள், பிறகு மூன்று. சாமான் ஒன்றும் வாங்கவில்லை, 5 லீற்றர் தண்ணீர்ப் போத்தல் இரண்டு, 5 கிலோ வீதம். கதிரையில் இருந்து எழும்புதல், மேசை விளிம்பில் கைகுத்தித் தள்ளல், முன்குனிந்து போத்தலை இடுப்புவரை இழுத்தல், முழங்காலைச் சற்று மடித்து முதுகு நேராகக் குனிந்து போத்தலைத் தூக்கல், படியேறல், கடைசியாக முழங்கையூன்றிப் பலகைபோல் நிற்றல். ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை, மூன்று சுற்று, இடையில் ஒன்றரை நிமிட ஓய்வு. 12 தடவை இலகுவானதும் பாரத்தைக் கூட்ட வேண்டும். மாதக்கணக்கில் அதே 5 கிலோவோடு நின்றால் தசை வளரக் காரணமே இல்லை. சிற்-அப் முழுவதும் நிறுத்தப்பட்டது, அவரது முதுகுவலியும் அதோடு நின்றது.

நித்திரை ஐந்தரையிலிருந்து ஏழு மணித்தியாலம் ஆக்கப்பட்டது. ஒரே அளவு உணவுக் குறைப்பில், குறைவாக நித்திரை கொண்டவர்கள் இழந்த எடையில் கொழுப்பின் பங்கு பெரிதும் குறைந்து, தசையின் பங்கு கூடியதை 2010 இல் வெளிவந்த சிறிய ஆய்வொன்று காட்டியது. பதினொரு மணிக்குப் பின் கைத்தொலைபேசி வேறு அறையில். இதுவே அவருக்கு மிகக் கடினமாக இருந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும்.

24 வாரத்தில் நடந்தவை

முதல் நான்கு வாரத்தில் 2.2 கிலோ இறங்கியது. இதைக் கண்டு அளவுக்கு மீறி மகிழக்கூடாது என்று முன்பே சொல்லப்பட்டது. மாச்சத்தை உடல் சேமித்து வைக்கும் வடிவமான கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமுடனும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாச்சத்துக் குறையும்போது அந்தத் தண்ணீரும் போகும். இடுப்பு 97. அதே மாதத்தில் மலச்சிக்கல் வந்தது: சோறு குறைந்தது, கடலை கூடியது, தண்ணீர் கூடவில்லை. நாளுக்கு 2.5 லீற்றராகத் தண்ணீரையும் பத்து மணிக்கு ஒரு கொய்யாப்பழத்தையும் சேர்த்ததும் ஒரு வாரத்தில் சரி.

எட்டாம் வாரத்தில் 72.6 கிலோ, இடுப்பு 95. அடுத்த மூன்று வாரம் தராசு அசையவே இல்லை. இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலானோர் விட்டுப்போகிறார்கள். திரும்ப ஏழு நாள் படம் எடுத்துப் பார்த்தபோது காரணம் மூன்று. சோற்றுக் கோப்பை குவிந்து 200 கிராம் 270 ஆகியிருந்தது. அலுவலகத்தில் யாரோ கொண்டுவரும் பிஸ்கட் மீண்டும் நுழைந்திருந்தது. நடை அதே அடி எண்ணிக்கையில் வேகம் குறைந்திருந்தது. உடல் 3 கிலோ இலேசானதால் செலவும் சற்றுக் குறைந்திருக்கும், ஆனால் அது சிறு பங்கு. "என் உடலே எரிப்பதை நிறுத்திவிட்டது" என்ற விளக்கத்தை ஏற்கும் முன் தராசில் சோற்றை வைத்துப் பார்க்க வேண்டும். இந்த மூன்று வாரத்திலும் இடுப்பு 95 இலிருந்து 94 ஆகியிருந்ததை நாடா காட்டியது. தசை கூடிக் கொழுப்புக் குறையும்போது தராசு மௌனமாகத்தான் இருக்கும்.

சித்திரைப் புத்தாண்டு வாரத்தில் பயத்தம்பணியாரம், முறுக்கு, கொக்கிஸ், விருந்து. ஐந்து நாளில் எடை 1.1 கிலோ கூடியது. அவ்வளவும் கொழுப்பு என்றால் 8000 கலோரிக்கு மேல் மிகையாக உண்டிருக்க வேண்டும். பெரும்பகுதி உப்பும் தண்ணீரும். அடுத்த நாள் பட்டினி கிடக்க வேண்டாம், திங்கட்கிழமை வழமையான 1700க்குத் திரும்பினால் போதும் என்று சொல்லப்பட்டது. பத்து நாளில் பழைய எடை. வெசாக் தன்சல்களில் (இலவச உணவு வழங்கும் பந்தல்களில்) குடும்பத்தோடு ஒரு இடத்தில் மட்டும் வரிசையில் நிற்பது என்று முன்கூட்டியே முடிவுசெய்து போனதால் அந்த வாரம் பிரச்சினை வரவில்லை. சாராயம் மாதம் ஒருமுறை, இரண்டு பெக். ஈரல் கொழுப்பு உள்ளவருக்கு முற்றாக நிறுத்துவதே நல்லது. அவர் ஒப்புக்கொண்டது இவ்வளவுதான்.

பதினேழாம் வாரத்தில் முழங்கால் வலி. தேய்ந்த செருப்போடு சீமெந்து நடைபாதையில் வேகமாக நடந்ததே காரணம். பத்து நாள் நடையைப் பாதியாக்கி, சரியான சப்பாத்து மாற்றியதும் தீர்ந்தது.

24 ஆம் வாரம்: எடை 69.2 கிலோ, இடுப்பு 91.5. எச்பிஏ1சி 5.7, வெறும் வயிற்றுச் சீனி 101, ட்ரைகிளிசரைட் 149, எச்டிஎல் 39, எஸ்ஜிபிரி 34, குருதியமுக்கம் 126/80. குறைந்தது 6.8 கிலோ, 9 சதவீதம். கணக்கின்படி நாளுக்கு 500 கலோரி குறைத்தால் 24 வாரத்தில் 11 கிலோ வரவேண்டும். ஒரு கிலோ கொழுப்புக்கு 7700 கலோரி என்று திருப்பிப் பார்த்தால் உண்மையில் நடந்த குறைப்பு நாளுக்குச் சராசரி 310. கல்யாண வீடு, பெருநாள், மழை, இலேசான உடலின் குறைந்த செலவு எல்லாம் அந்த இடைவெளிக்குள் இருக்கின்றன. திட்டம் போடும்போதே இந்த இடைவெளியை எதிர்பார்ப்பவர் ஏமாறமாட்டார்.

இன்னும் முடியாதது

இடுப்பு 90க்குள் வரவில்லை, உயரத்தின் பாதியான 84 இன்னும் தூரம். தொப்புளுக்குக் கீழே மடிப்பு அப்படியே பிடிபடுகிறது. "இது மட்டும் ஏன் போகேல்லை?" என்று அவர் கேட்டார். மேல்வயிற்றின் இறுக்கம் தளர்ந்து மென்மையாகிவிட்டதும், ஈரல் நொதியம் சாதாரண எல்லைக்கு வந்ததும் உள்ளே இருந்தது குறைந்ததற்கான சான்றுகள். மடிப்பு கடைசியில் போகும் பகுதி, அடுத்த 3, 4 கிலோவில் மெல்ல இறங்கும். எச்டிஎல் பெரிதாக ஏறாதது வியப்பில்லை, அது மெதுவாகவே அசையும்.

பசியைக் குறைக்கும் ஊசி மருந்துகள் பற்றியும் கேட்டார். இந்தக் கட்டத்தில் இவருக்கு அவை தேவைப்படவில்லை. நீரிழிவு அல்லது அதிக உடற்பருமன் உள்ளவர்களுக்கு மருத்துவர் பார்த்து முடிவுசெய்யும் விடயம் அது. ஊசி போட்டாலும் புரதமும் பாரப் பயிற்சியும் இல்லாவிட்டால் தசை போகும்.

அடுத்த எட்டு வாரம் எடையை அதே இடத்தில் நிறுத்திவைக்கும் காலம்: சோறு மத்தியானம் 250 கிராம், இரவு 200, பாரப் பயிற்சி மூன்று நாள் தொடர்ச்சி, ஞாயிறு காலை தராசும் நாடாவும். எடை 70.5ஐத் தாண்டினால் சோற்றை அன்றே பழைய அளவுக்கு இறக்குவது. அதன் பின் மீண்டும் 1700 கலோரியில் இரண்டாவது சுற்று, இலக்கு இடுப்பு 88. எச்பிஏ1சியும் எஸ்ஜிபிரியும் மூன்று மாதத்தில் திரும்ப, ஈரல் ஸ்கான் ஆண்டு முடிவில்.